தனியாக வேலை பார்க்கும் நூலகருக்குச் சமூக வலைத்தளம் எப்படிக் கைகொடுக்கும்?

நூலகர் வேலையில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் உண்டு. பெரிய பல்கலைக்கழக நூலகங்களை விட்டுவிட்டால், பல இடங்களில் நூலகர் என்று இருப்பவர் ஒரே ஒருவர்தான். பள்ளியில் கணக்கு ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் இன்னொரு கணக்கு ஆசிரியர் இருப்பார். நூலகருக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு துறைகளைத் தொடும் ஒரு நூலை எந்த வகைப்பாட்டு எண்ணின் கீழ் வைப்பது, மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து தேடல் ஏன் வேலை செய்ய மாட்டேன் என்கிறது, மின்னிதழ்ச் சந்தாவைத் திடீரென்று ஏற்றிவிட்ட பதிப்பகத்திடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் கேட்க அந்தக் கட்டடத்துக்குள் ஆளே கிடையாது. மேலதிகாரிக்கு நூலக வேலையின் உள்விவரம் தெரியாது, உதவியாளர் இருந்தால் அவர் உங்களிடம்தான் கேட்பார்.

இந்தத் தனிமையைக் குறைக்க இன்றைக்கு நம் கையில் இருக்கும் வழிகளில் சமூக வலைத்தளத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். கணக்கே தொடங்காதவர்களுக்கும், கணக்கு இருந்தும் உறவினர் வீட்டு விசேஷப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். நூலகத்தின் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, புதிய வரவுகள், விடுமுறை அறிவிப்புகள், வாசிப்பு நிகழ்ச்சிப் படங்கள் எல்லாம் போடுவது ஒரு வேலை. அது வாசகர்களுக்கானது, அதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அதன் வெற்றியை எத்தனை வாசகர்கள் வந்தார்கள் என்பதை வைத்து அளப்பார்கள். நான் இங்கே பேசப்போவது அதுவல்ல. நூலகராகிய நீங்கள், உங்கள் பெயரில், உங்கள் வேலையை இன்னும் நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்வதற்காக மற்ற நூலகர்களோடு தொடர்பில் இருப்பது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நூலகப் பக்கத்தை நடத்தினாலே தொழில் வளர்ச்சி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. அங்கே நீங்கள் சொல்பவர், இங்கே நீங்கள் கேட்பவர்.

படித்தது பழையதாகிற வேகம்

நூலக அறிவியல் படித்து முடித்தபோது கற்றது எவ்வளவு நாள் தாங்கும்? வகுப்பில் ஏஏசிஆர் 2 விதிகளின்படி நூல்களைப் பட்டியலிடக் கற்றவர்களுக்கு 2010இல் ஆர்டிஏ என்ற புதிய விதித்தொகுப்பு வந்தது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் இறுதியில் அதற்கு மாறியது. நூல் விவரங்களைக் கணினியில் பதிய 1960களில் உருவான மார்க் வடிவத்துக்கு மாற்றாகப் பிப்ஃபிரேம் வரப்போகிறது என்று 2012இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டும் இன்னும் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. இதெல்லாம் மெதுவாக நடந்த மாற்றங்கள், பயிற்சி வகுப்பு வரும்வரை காத்திருக்க நேரம் இருந்தது. சில மாற்றங்கள் அப்படிக் காத்திருப்பதில்லை.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த சில மாதங்களிலேயே நூலகர்களிடம் ஒரு புதுவிதமான கோரிக்கை வரத் தொடங்கியது. வாசகர் ஒரு கட்டுரையின் முழு விவரத்தோடு வந்து நிற்பார். ஆசிரியர் பெயர் அந்தத் துறையில் உண்மையாகவே எழுதுகிறவருடையது, இதழும் உண்மையில் இருக்கிறது, தொகுதி எண், பக்க எண், ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும். தேடினால் கட்டுரை மட்டும் எங்கேயும் கிடைக்காது. தனியாக உட்கார்ந்து தேடுகிற நூலகர் என்ன நினைப்பார்? தரவுத்தளத்தில் குறை, இல்லையென்றால் தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று நினைப்பார், இன்னொரு மணி நேரம் தேடுவார். ஆனால் வலைத்தளத்தில் ஒருவர் “இப்படி ஒரு கோரிக்கை வந்தது, இல்லாத கட்டுரையைக் கேட்கிறார்கள்” என்று எழுதியதும் பல ஊர்களிலிருந்து “எனக்கும் வந்தது” என்று பதில்கள் குவிந்தன. அது செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டிய மேற்கோள் என்பதும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் அந்தப் பேச்சிலேயே தெளிவாகிவிட்டது: கட்டுரைக்கென்றே தரப்படும் அடையாள எண்ணான டிஓஐயைப் போட்டால் வேறொரு கட்டுரை திறக்கும், அல்லது எதுவுமே திறக்காது, அந்த இதழின் அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் கட்டுரை இருக்கும். இது பாடத்திட்டத்திலோ பயிற்சிப் பட்டறையிலோ வருவதற்கு வெகு முன்பே, அப்படிப்பட்ட தொடர்பில் இருந்த நூலகர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழில் வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான், சான்றிதழை இல்லை.

நெருக்கமில்லாதவர்கள் ஏன் முக்கியம்?

“எனக்கு ஏற்கெனவே கூடப் படித்தவர்கள் குரூப் இருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நமக்கு மிக நெருக்கமானவர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததையே தெரிந்து வைத்திருப்பார்கள், ஏனென்றால் அவர்களும் நாம் இருக்கும் அதே வட்டத்தில்தான் இருக்கிறார்கள். புதிய தகவல் வருவது எப்போதாவது பேசுகிற, அதிகம் பழக்கமில்லாத ஆட்களிடமிருந்து, காரணம் அவர்களின் வட்டம் வேறு. லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வும், புதிய வேலை கிடைப்பதற்கு மிக நெருங்கிய தொடர்புகளை விடக் கொஞ்சம் தள்ளியிருக்கும் தொடர்புகளே அதிகம் உதவின என்று காட்டியது.

நூலகருக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். கூடப் படித்தவர்களும் உங்களைப் போலவே அதே பாடத்தை, அதே ஆசிரியரிடம், அதே ஆண்டில் படித்தவர்கள். அவர்களில் பலர் அதே மென்பொருளைத்தான் வைத்திருப்பார்கள், அதே இடத்தில்தான் தடுமாறுவார்கள். அந்த குரூப் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆறுதலுக்கும் அவசர உதவிக்கும் அது வேண்டும். ஆனால் ஒரு மருத்துவமனை நூலகர், ஓர் ஆவணக் காப்பாளர், குழந்தைகள் நூலகம் நடத்துபவர், நூலக மென்பொருள் எழுதுகிற புரோகிராமர் என்று வேறு வேறு வேலை பார்ப்பவர்கள் நாலு பேரை நீங்கள் தொடர்ந்தால், உங்களுக்குத் தோன்றவே தோன்றாத கேள்விகள் கண்ணில் படும்.

எந்தத் தளம்?

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். வேலை, கருத்தரங்கு, பணி அனுபவம் பற்றிய பேச்சுக்கு லிங்க்ட்இன் பரவாயில்லை, பெயரும் பதவியும் தெரியப் பேசுகிற இடம் என்பதால் மரியாதையும் கொஞ்சம் கூடுதல். ஒரே மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் ஒரே வகை நூலகத்தில் இருப்பவர்களும் கூடும் குரூப்கள் ஃபேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நிறைய இருக்கின்றன. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறிய பிறகு அங்கிருந்த நூலகர்கள் பலர் மாஸ்டடானுக்கும் ப்ளூஸ்கைக்கும் போய்விட்டார்கள். மாஸ்டடானில் ஒரு வசதி, நூலகம், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் சார்ந்தவர்களுக்கென்றே தனி சர்வர்கள் உண்டு, கிளாமர் டாட் யுஎஸ் அப்படி ஒன்று. நிரல் எழுதத் தெரிந்த, அல்லது தெரிந்துகொள்ள ஆசைப்படும் நூலகர்களுக்கு 2003இலிருந்து இயங்கும் கோட்ஃபோர்லிப் என்ற கூட்டம் இருக்கிறது, அவர்கள் ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் பேசிக்கொள்கிறார்கள்.

கட்டுரை எழுதுபவர்களாக இருந்தால் ரிசர்ச்கேட்டும் ஒரு சமூக வலைத்தளம்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப்பை அதில் அப்படியே ஏற்றிவிடுவது பதிப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். எல்செவியரும் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியும் இதே விஷயத்துக்காக 2017இல் ரிசர்ச்கேட் மேல் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டியவரே நூலகர்தான், ஆகவே நம் கட்டுரையில் நாம் சரியாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்காதீர்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

யாரைத் தொடர்வது?

கணக்குத் தொடங்கியதும் முதலில் அறிமுக வரியைச் சரிசெய்யுங்கள். “நூலகர், புத்தகப் பிரியர், தேநீர் ரசிகர்” என்று போட்டால் யாருக்கும் எதுவும் விளங்காது. “கல்லூரி நூலகர். கோஹா, டிஸ்பேஸ் இரண்டிலும் வேலை. பழைய இதழ்களை மின்னாக்குவது பற்றிக் கற்றுக்கொண்டிருக்கிறேன்” என்று எழுதிப் பாருங்கள். (கோஹா நூலகத்தை நிர்வகிக்கும் மென்பொருள், டிஸ்பேஸ் மின்கோப்புகளைச் சேமித்துத் தரும் மென்பொருள்.) அதே வேலை செய்கிறவர் இதைப் பார்த்ததும் உங்களைத் திரும்பத் தொடர்வார், உங்களுக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று இரண்டும் அதில் இருக்கிறது.

அப்புறம் ஆட்கள். புகழ் பெற்றவர்களையும் பெரிய அமைப்புகளையும் தொடர்வது எளிது, ஆனால் அவர்கள் பெரும்பாலும் அறிவிப்பு மட்டும் போடுவார்கள், உங்களிடம் பேச மாட்டார்கள். நான் சொல்லும் வழி இது: இந்த மாதம் உங்கள் மேசையில் இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைத் தளத்தில் தேடுங்கள். அதைப் பற்றி விவரமாகப் பதில் சொல்லியிருப்பவர் யார் என்று பாருங்கள், கேள்வி கேட்டவரை விடப் பதில் சொன்னவர்தான் முக்கியம். அவரைத் தொடருங்கள். அவர் யாரோடு அடிக்கடி பேசுகிறார் என்று பார்த்து அவர்களில் ஓரிருவரைத் தொடருங்கள். இப்படி இருபது பேர் சேர்ந்தாலே உங்கள் டைம்லைனின் முகம் மாறிவிடும்.

இன்னொரு நல்ல வாசல், கருத்தரங்கு ஹேஷ்டேக். பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பான இஃப்லா 1927இல் தொடங்கியது, அது நடத்தும் உலக நூலக, தகவல் மாநாடு 2023இல் ரோட்டர்டாமிலும் 2025இல் அஸ்தானாவிலும் நடந்தது. பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் போனவர்கள் அமர்வுக்குள் உட்கார்ந்தபடியே குறிப்பு எழுதிப் போடுவார்கள், ஸ்லைடைப் படம் எடுத்துப் போடுவார்கள், “பேச்சாளர் சொன்னது எங்கள் நூலகத்தில் நடக்கவில்லை” என்று வாதாடுவார்கள். மாநாட்டின் ஆங்கிலச் சுருக்கமான டபிள்யூஎல்ஐசி என்ற எழுத்துகளோடு ஆண்டைச் சேர்த்துத் தேடினால் அந்தப் பேச்சு கிடைக்கும். பேசியவர்களின் பெயர்களும் கிடைக்கும், அவர்களில் உங்கள் வேலைக்கு நெருக்கமானவரைத் தொடர்ந்துகொள்ளலாம்.

கேள்வி கேட்கும் விதம்

இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருடைய வலைத்தள அனுபவம் கசந்துபோவது இந்த இடத்தில்தான். கேள்வி போடுகிறார்கள், யாரும் பதில் சொல்வதில்லை, “அங்கே யாரும் உதவ மாட்டார்கள்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகத்துக்கென்று 1931இல் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நீங்கள் கேள்வி கேட்கும்போது அதைப் படிக்கிற சக நூலகர்தான் உங்கள் வாசகர். அவர் மதிய இடைவேளையில் போனை எடுத்துப் பார்க்கிறார், அவருக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அவரால் பதில் சொல்ல முடிகிற மாதிரி உங்கள் கேள்வி இருக்கிறதா?

ஓர் உதாரணம். கோஹா மென்பொருளை எடுத்துக்கொள்வோம், நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்துக்காக 1999இல் எழுதப்பட்டு 2000 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. உலகம் முழுக்க இருக்கிறது, அதனால் கேட்கவும் ஆள் உண்டு. ஒருவர் இப்படி எழுதுகிறார்:

“கோஹாவில் தமிழ் வேலை செய்யவில்லை. யாராவது உதவுங்கள். அவசரம்.”

இதற்குப் பதில் சொல்ல வருபவர் முதலில் நாலு எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். எந்தப் பதிப்பு? எங்கே வேலை செய்யவில்லை, தட்டச்சிலா, திரையிலா, தேடலிலா? அவருக்கு நேரமில்லை, கடந்துபோய்விடுவார். அதே பிரச்சினையை இப்படி எழுதலாம்:

“கோஹா 23.11, டெபியன் 12, தேடலுக்கு ஸீப்ரா. ஆங்கிலத் தலைப்புகள் தேடினால் கிடைக்கின்றன. தமிழில் பதிந்த தலைப்புகள், பதிவைத் திறந்தால் சரியாகத் தெரிகின்றன, ஆனால் அதே சொல்லைத் தேடல் பெட்டியில் ஒட்டினால் முடிவு வருவதில்லை. முழுமையாக ரீஇண்டெக்ஸ் செய்து பார்த்தேன், மாற்றமில்லை. ஸீப்ராவின் எழுத்து அமைப்பு இப்போது சிஎச்ஆரில் இருக்கிறது. ஐசியூவுக்கு மாற்ற வேண்டுமா? மாற்றினால் பழைய பதிவுகளுக்கு ஏதாவது ஆகுமா?”

(ஸீப்ரா கோஹாவின் தேடுபொறி, சிஎச்ஆரும் ஐசியூவும் அதன் இரண்டு எழுத்து அமைப்புகள், ரீஇண்டெக்ஸ் என்றால் தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்குவது.) பார்த்தீர்களா, இதில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, என்ன முயன்றாகிவிட்டது, எங்கே பயம் இருக்கிறது என்று எல்லாம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் இரண்டே வரியில் பதில் போட்டுவிடலாம்: ஐசியூவுக்கு மாற்றுங்கள், மறுபடி முழு ரீஇண்டெக்ஸ் கொடுங்கள், பதிவுகள் தரவுத்தளத்தில் தனியாக இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, இருந்தாலும் பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். இன்னொரு நன்மையும் இருக்கிறது. இப்படி விவரமாக எழுதப் போகும்போது பாதி நேரம் விடை நமக்கே பிடிபட்டுவிடும், ஏனென்றால் எழுதுவதற்காகவாவது அமைப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பதில் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு மறைந்துவிடாதீர்கள். செய்து பார்த்து, வேலை செய்ததா இல்லையா என்று அதே இடத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஊரில் இன்னொருவர் அதே பிரச்சினையைத் தேடி வரும்போது அவருக்கு வேண்டியது உங்கள் கேள்வியோ அவர் பதிலோ இல்லை, “மாற்றினேன், வந்துவிட்டது” என்ற அந்தக் கடைசி வரிதான். அதைப் போடாமல் விட்ட உரையாடல்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடக்கின்றன, தேடிப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு ஏமாற்றம் என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

மின்னூல் ஒப்பந்தம், பழைய நூல்களைக் கழித்து ஒதுக்கும் கொள்கை, புதிய வாசகர் படிவம் போன்றவற்றையும் இதே போலக் கேட்கலாம். “உங்களிடம் மாதிரி இருந்தால் அனுப்புங்கள்” என்று மட்டும் கேட்காமல், நீங்கள் எழுதி வைத்திருக்கும் அரைகுறை வரைவைப் போட்டு “மூன்றாவது பத்தி சரியா?” என்று கேளுங்கள். வெறுங்கையோடு கேட்பவரை விட வரைவோடு வருபவருக்குப் பதில் சொல்ல ஆட்கள் முன்வருவார்கள்.

பதில் சொல்வதும் படிப்புதான்

இணையக் குழுக்களில் பெரும்பாலானவர்கள் படிப்பார்கள், சிலர் எப்போதாவது பேசுவார்கள், மிகச் சிலர்தான் தொடர்ந்து எழுதுவார்கள் என்பதை இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் 90, 9, 1 என்ற விகிதமாகச் சொன்னார். ஆகவே ஆரம்பத்தில் சும்மா படித்துக்கொண்டிருப்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். எந்த குரூப்பில் எப்படிப் பேசுகிறார்கள், எதைக் கேட்டால் எரிச்சல்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே சில வாரம் ஆகும்.

ஆனால் ஒரு கட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த கேள்வி ஒன்று கண்ணில் படும். அப்போது பதில் எழுதுங்கள். எனக்கு என்ன தெரியும், இத்தனை பெரியவர்கள் இருக்கும்போது நான் எப்படி என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். புதிதாகக் கற்றவர் சொல்கிற பதில்தான் பல நேரம் தெளிவாக இருக்கும், ஏனென்றால் எந்த இடத்தில் குழப்பம் வந்தது என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. பதில் எழுத உட்காரும்போது “இது உறுதியாகத் தெரியுமா?” என்று ஒருமுறை கையேட்டைத் திறந்து பார்ப்பீர்களே, அந்தச் சரிபார்ப்பில் கற்றது மறக்காது.

முதல் அடி வைக்கத் தயக்கமாக இருந்தால், பேச்சே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. விக்கிப்பீடியாவின் 15ஆவது பிறந்தநாளையொட்டி 2016 ஜனவரியில் தொடங்கிய ஒன்லிப்ஒன்ரெஃப் இயக்கம். ஒவ்வொரு நூலகரும் விக்கிப்பீடியாவில் ஒரே ஒரு சான்றையாவது சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் முழுத் திட்டமும். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் மே மாதத்திலும் நடக்கிறது. சான்று தேவை என்று குறி போட்டிருக்கும் ஒரு வரியை எடுத்து, உங்கள் அலமாரியில் இருக்கும் ஒரு நூலின் பக்க எண்ணைக் கொடுத்து, திருத்தச் சுருக்கத்தில் அந்த ஹேஷ்டேக்கைப் போட்டால் முடிந்தது. அதே ஹேஷ்டேக்கை வலைத்தளத்தில் தேடினால், அதே வேலையைச் செய்த மற்ற நூலகர்கள் வரிசையாகத் தெரிவார்கள். பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

இப்படிச் செய்தே கற்பது நம் துறைக்குப் புதிதில்லை. 2006இல் அமெரிக்காவின் சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலன் புளோயர்ஸ், 23 விஷயங்கள் என்ற திட்டத்தை ஊழியர்களுக்காகத் தொடங்கினார். வலைப்பூ தொடங்குவது, படம் பகிர்வது, விக்கியில் எழுதுவது என்று 23 சின்னச் சின்ன வேலைகள், அவரவர் வேகத்தில், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு. முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 பிளேயர் பரிசு. பிறகு பல நாடுகளின் நூலகங்கள் அதைத் தங்களுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன. வகுப்பறையே இல்லாமல் நடந்த பயிற்சி அது.

எதைப் போடக்கூடாது?

வாசகரைப் பற்றிப் போடக்கூடாது. பெயர் சொல்லவில்லையே என்பது போதாது. “இன்று ஒரு பெண் வந்து விவாகரத்துச் சட்டம் பற்றிய நூல்கள் கேட்டார், பாவமாக இருந்தது” என்று நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பீர்கள். உங்கள் நூலகம் எது என்று அறிமுகத்திலேயே இருக்கிறது, தேதியும் இருக்கிறது, அங்கே அன்று வந்தவர்கள் எத்தனை பேர் என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். யார் எதைப் படிக்கிறார் என்பதை வெளியே சொல்லாமல் இருப்பது இந்தத் தொழிலின் அடிப்படை, இஃப்லாவின் 2012 ஒழுக்க நெறிகளும் வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கின்றன. கேள்வியின் தொழில்நுட்பப் பகுதியை மட்டும் எடுத்து, ஆளை முழுதாக நீக்கிவிட்டுக் கேளுங்கள். “குடும்பச் சட்டத்தில் பொதுவாசகருக்கு ஏற்ற எளிய நூல் எது?” என்றால் போதும்.

இரண்டாவது, கழித்து ஒதுக்கிய புத்தகங்களின் படம். நமக்கு அது வழக்கமான வேலை. தகவல் காலாவதியான மருத்துவ நூலை அலமாரியில் வைத்திருப்பதுதான் தவறு. ஆனால் குவித்துப் போட்ட புத்தகங்களின் படத்தைப் பொதுமக்கள் பார்த்தால் “நூலகம் புத்தகத்தைக் குப்பையில் போடுகிறது” என்றுதான் பரவும். இப்படிப் பல ஊர்களில் பெரிய சர்ச்சையே வெடித்திருக்கிறது. ஆலோசனை வேண்டுமென்றால் மூடிய குரூப்பில் கேளுங்கள், அங்கேயும் படம் வேண்டாம். மூடிய குரூப் என்றாலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும்.

மேலதிகாரியையும் சக ஊழியரையும் பற்றிய குறைகளுக்கும் இதே கதைதான். “கருத்துகள் என் சொந்தக் கருத்துகள்” என்று அறிமுகத்தில் எழுதிக்கொள்வதால் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது. உங்கள் நிறுவனத்துக்குச் சமூக ஊடக விதிமுறை ஏதாவது இருந்தால் கணக்குத் தொடங்கும் முன் படித்துவிடுங்கள்.

நேரமும் சேமிப்பும்

நேரம் விழுங்கும் என்ற பயம் நியாயமானது. அந்தத் தளங்கள் நம்மை நெடுநேரம் பிடித்து வைக்கவே வடிவமைக்கப்பட்டவை. ஒரு நாளில் ஒரு கால் மணி நேரத்தை ஒதுக்கி, அதையும் கணினியில் உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். முடிந்தால் தொழில் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனியாக வையுங்கள்.

அதைவிட முக்கியமானது, கிடைத்ததை அங்கேயே விட்டுவிடாமல் இருப்பது. நூலகர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் நம்மில் பலர் மற்றவர்களுக்குச் சேகரித்துத் தருவோம், நமக்கென்று எதையும் சேகரிக்க மாட்டோம். லைக் போட்டுவிட்டால் பிறகு தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். கிடைக்காது. ஃபிரெண்ட்ஃபீட் என்று ஒரு தளம் இருந்தது, அங்கே நூலகர்கள் கூடி வேலை நுணுக்கங்களைப் பேசிய அருமையான கூட்டம் ஒன்று இருந்தது. 2009இல் ஃபேஸ்புக் அந்தத் தளத்தை வாங்கியது, 2015 ஏப்ரலில் மூடிவிட்டது. 2019இல் கூகுள் பிளஸ் போனது, 2020இல் யாஹூ குரூப்ஸ் போனது. ஒவ்வொன்றோடும் ஆயிரக்கணக்கான கேள்வி பதில்கள் போயின.

ஆகவே உருப்படியான பதிலைப் பார்த்தால் உடனே குறிப்புகளைச் சேகரிக்கும் மென்பொருளான ஸொட்டீரோவிலோ ஒரு சாதாரணக் கோப்பிலோ நகலெடுத்து, தேதியும் சொன்னவர் பெயரும் சேர்த்து வையுங்கள். முக்கியமான சிலரிடம் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள். தளம் மூடினாலும் பெயர் மாறினாலும் அந்த ஆட்கள் கைவிட்டுப் போகக்கூடாது.

இதையெல்லாம் எப்படிக் கணக்கில் காட்டுவது என்பது கடைசிக் கேள்வி. பயிற்சிப் பட்டறைக்குப் போனால் சான்றிதழ் கிடைக்கும், மாஸ்டடானில் கற்றதற்கு யார் தருவார்கள்? இதற்கு ஒரு பதிவேடு வையுங்கள், நாலே கட்டம் போதும்: தேதி, என்ன கேட்டேன், என்ன தெரிந்தது, நூலகத்தில் என்ன மாறியது. “தமிழ்த் தலைப்புகள் தேடலில் வரவில்லை. ஐசியூ அமைப்புக்கு மாற்றும்படி ஆலோசனை கிடைத்தது. மாற்றியபின் எல்லாத் தமிழ் நூல்களும் தேடலில் கிடைக்கின்றன.” இப்படி ஒரு பதிவு, என்ன தலைப்பில் நடந்தது என்றே மறந்துபோன பட்டறையின் சான்றிதழை விட வலுவானது. பிரிட்டனின் நூலகர் அமைப்பான சிலிப், சார்ட்டர்ஷிப் என்ற தொழில்முறைத் தகுதிக்கு விண்ணப்பிப்பவர்களிடம், கற்றதையும் அதனால் வேலையில் வந்த மாற்றத்தையும் தாங்களே யோசித்து எழுதித் தொகுத்த சான்றுகளைத்தான் கேட்கிறது. உங்கள் நிறுவனத்தின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லாவிட்டால், அந்தப் பதிவேட்டின் ஒரு பக்க நகலைப் படிவத்தோடு இணைத்துக் கொடுங்கள். நான்காவது கட்டம் நிரம்பியிருந்தால் படிக்கிற அதிகாரிக்கு நூலகம் தெரியாவிட்டாலும் விஷயம் புரியும்.